டொக்டர் தம்பிக்கு முதல் கிளாஸ்

நீட்டியதை வாங்காமல் அவர் நின்று நான் பார்த்ததில்லை. அதுவும் ஒரு கையால் வாங்க மாட்டார். பால் விடாத பிளேன்டித் தேநீர்க் கோப்பையாக இருந்தாலும், சின்னப் பிள்ளைகள் கடித்து மிச்சம் வைத்த பிஸ்கட்டாக இருந்தாலும், இரண்டு கையும் சேர்ந்துதான் முன்னால் வரும். லீவுக்கு வட்டகொடை ஸ்டேசனில் இறங்கி, முதுகில் பையோடு எங்கள் தேயிலைத் தோட்டத்து டிவிஷனுக்கு ஏறி வந்தாரென்றால் தன் வீட்டுக்குப் போய்ச்சேர மத்தியானமாகிவிடும். ஒட்டினாற்போல் வரிசையாக வீடுகள் உள்ள எங்கள் லயத்தில் ஒவ்வொரு வாசலிலும் யாராவது காத்துக்கொண்டிருப்பார்கள். "வாங்க டொக்டர் தம்பி, ஒரு வாய் பிளேன்டி." ஒரு வாசலில் குடித்துவிட்டு அடுத்த வாசலில் வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் வராது. எங்கள் காம்பரா வீடு கடைசி. அங்கே வரும்போது வயிறு தளும்பிக்கொண்டிருக்கும்.

"வேணாம்னு சொல்லிடுங்களேன் தம்பி, வயிறு என்னத்துக்கு ஆகும்?" என்று நான் பதறுவேன்.

"ஆசையா குடுக்குறாங்க அத்த. எப்பிடி வேணாங்கிறது?"

சொல்லிக்கொண்டே என் கோப்பைக்கும் இரண்டு கையையும் நீட்டுவார்.

அவருடைய பெயரை எழுதவில்லை. எழுதினால் எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்துபோகும். எங்கள் டிவிஷனிலிருந்து டொக்டருக்குப் படிக்கப் போன முதல் பிள்ளை என்று மட்டும் தெரிந்தால் போதும். அவருடைய அம்மாவும் நானும் ஒரே கங்காணியின் கீழ் கொழுந்து எடுத்தவர்கள். எனக்கு மகன் வயதுதான் அவருக்கு. ஆனாலும் கெம்பஸ் போன நாளிலிருந்து நான் 'ங்க' போட்டுத்தான் பேசுவேன். அவருக்கு அது பிடிக்காது. பிடிக்கவில்லை என்றும் சொல்ல மாட்டார், காதைச் சொறிந்துகொண்டு சிரிப்பார்.

சின்ன வயதிலும் அப்படித்தான். பள்ளிக்கூடத்தில் ஒரு டீச்சர் இவருக்குச் சப்பாத்து வாங்கிக் கொடுத்தார். அளவு சின்னது. அந்தச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு மலைப்பாதையில் ஏறி இறங்கி, கால் பெருவிரல் நகமே கழன்றுவிட்டது. அவருடைய அம்மா காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "வாயத் தொறந்து சொல்றதுக்கு என்னா, முத்தா உதிர்ந்துரும்?" என்று திட்டித் தீர்த்தார். "டீச்சர் குடுத்தாங்களேம்மா" என்பது மட்டும்தான் பதில். அந்த நகத்தை நினைத்து நான் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. சீழ் வைக்குமோ, காலை எடுக்கச் சொல்வார்களோ என்று எனக்குப் பயம். எனக்கு எல்லாவற்றுக்கும் பயம். மழை பெய்தால் மண் சரியுமோ என்று பயம், வெயில் அடித்தால் குளவி கிளம்புமோ என்று பயம். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். விளங்காத விஷயங்கள்தான் எனக்கு அதிகம். விளங்காததெல்லாம் பயமாகத்தான் தெரியும்.

அவர் டொக்டருக்கு எடுபட்ட செய்தி வந்ததும் கோயிலில் பொன்னாடை போட்டார்கள். அடுத்த நாளே லயத்துக்காரர்கள் மருந்துச் சீட்டுகளைத் தூக்கிக்கொண்டு அவர் வாசலுக்கு வந்துவிட்டார்கள். அப்போது அவர் கெம்பஸ் வாசலைக்கூட மிதித்திருக்கவில்லை. "நான் இன்னும் படிக்கவே ஆரம்பிக்கல பாட்டி" என்று சொன்னார்தான். ஆனால் சீட்டை நீட்டியதும் இரண்டு கையாலும் வாங்கி, மேலும் கீழும் பார்த்துவிட்டு, பத்திரமாக மடித்துத் திருப்பிக் கொடுத்தார். அந்தப் பாட்டி வருவோர் போவோரிடமெல்லாம், "புள்ள பாத்துருச்சு, எனக்கு ஒன்னுமில்ல" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அவர் வாயால் சொல்வதைவிட, அவர் என்ன செய்கிறார் என்பதைத்தான் எங்கள் ஆட்கள் கவனிப்பார்கள். ஒருமுறை கடை வீட்டில் சீனி தீர்ந்துபோய்ச் சீனி இல்லாத பிளேன்டி கொடுத்திருக்கிறார்கள், இவரும் குடித்துவிட்டு வந்திருக்கிறார். அந்த வாரமே பாதி லயம் சீனியை விட்டுவிட்டது. இன்னொரு முறை எங்கள் வீட்டில் மரவள்ளிக் கிழங்கு அவித்திருந்தேன். இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். முழங்கால் வலிக்கு மரவள்ளி நல்லதாம், டொக்டர் தம்பியே சாப்பிட்டாராம் என்று மறுநாள் கொழுந்து மலையில் பேச்சு. நானும் தலையாட்டினேன். மரவள்ளிக்கும் முழங்காலுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குத் தெரியுமா? அவர் செய்தால் அதில் ஏதோ இருக்கும் என்று நம்பினோம், அவ்வளவுதான்.

இதைச் சிரிப்பாகச் சொல்கிறேன். ஆனால் இனிமேல் சொல்லப்போவதை நினைத்தால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

எங்கள் வீட்டுக்காரர் குடிப்பவர். தேயிலைச் செடியை வெட்டிவிடுகிற கவ்வாத்து மலையில் நல்ல வேலைக்காரர். வேலை முடிந்தால் சாராயம், சாராயம் இல்லாவிட்டால் கள்ளத்தனமாகக் காய்ச்சிய கசிப்பு. ஒரு நாள் கண் இரண்டும் மஞ்சளாகி, வயிறு ஊதி, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். இனி ஒரு சொட்டுத் தொட்டாலும் ஈரல் தாங்காது என்று சொல்லி அனுப்பினார்கள். மனிதர் பயந்துவிட்டார். மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டு நிறுத்தினார். ஒரு வருஷத்துக்கு மேல் தொடவில்லை. வேலை விட்டு வரும்போது அவர் சட்டையை வாங்கித் தொங்கப்போடுகிற சாக்கில் நான் மோந்து பார்ப்பேன். அவருக்கும் அது தெரியும். ஒரு நாள், "நாய் மாதிரி மோந்து பாக்காத, கேட்டாச் சொல்ல மாட்டேனா?" என்றார். அவர் குரலில் கோபமில்லை, வெட்கம்தான் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் டொக்டர் தம்பியின் தங்கைக்குச் சடங்கு வைத்தார்கள். அவர் சடங்குக்கு நிறைய நாள் முன்பே லீவு போட்டுவிட்டு வந்துவிட்டார். அந்தத் தடவை ஆளே சரியில்லை. இஸ்தோப்புத் திண்ணையில் கம்பளியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பார், நெற்றியெல்லாம் வேர்த்திருக்கும். நான் கொடுத்த பிளேன்டிக் கோப்பை அவர் கையில் நடுங்கி, கட்டியிருந்த சாரத்தில் கொட்டியது.

"என்னா தம்பி இது?"

"குளிர் அத்த."

டெங்குவாக இருக்குமோ, நெருப்புக் காய்ச்சலாக இருக்குமோ என்று பயந்து, மல்லித் தண்ணீர் காய்ச்சிக் காய்ச்சிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதையும் இரண்டு கையால் வாங்கிக் குடித்தார். சடங்குக்கு முந்தைய நாள்தான் கொஞ்சம் தெளிந்து, தோரணம் கட்ட ஏணியில் ஏறினார். காய்ச்சல் விட்டுவிட்டதென்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் லயத்தில் ஒரு வழக்கம் உண்டு. விசேஷ வீட்டில் ஆண்களுக்குப் போத்தல் திறந்தால் முதலில் முனியாண்டிக்கென்று தரையில் கொஞ்சம் விடுவார்கள். அடுத்து ஊற்றுகிற முதல் கிளாஸ், அங்கே இருப்பவர்களில் மரியாதைக்குரியவருக்கு. அவர் குடித்து முடிக்கும்வரை வேறு யாரும் தொட மாட்டார்கள். அவர் வாங்கவில்லை என்றால் விசேஷ வீட்டுக்காரரின் முகத்தில் அடித்த மாதிரி. அதற்கு முன்பெல்லாம் தொழிற்சங்கத் தலைவருக்குத்தான் முதல் கிளாஸ் போகும். அன்றைக்கு வீட்டின் பின்பக்கம் போத்தலைத் திறந்தவர் பெண்ணின் தாய்மாமன். தலைவரைத் தாண்டிக்கொண்டு நேரே டொக்டர் தம்பியிடம் போய் நீட்டினார்.

"ஒங்க கையால தொடங்கி வைங்க மருமகனே. நாலு தலமொறையா இந்த மலையில பொறந்ததுலயே பெரிய ஆளு நீங்கதான்!"

எல்லாரும் கை தட்டினார்கள். நான் அடுப்படியில் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். பலகைச் சந்தில் எல்லாம் தெரிந்தது. தம்பி கிளாஸைப் பார்த்தார், மாமனுடைய முகத்தைப் பார்த்தார். இரண்டு கையும் முன்னால் போனது. ஒரே மூச்சில் குடித்தார். முகம் சுளிக்கவில்லை, தொண்டையைச் செருமவில்லை. "அடி சக்க! கெம்பஸ்ல நல்லாத்தான் படிச்சுக் குடுத்திருக்காங்க" என்று யாரோ சொல்ல, ஒரே சிரிப்பு.

அந்தச் சிரிப்புக்கு நடுவில் எங்கள் வீட்டுக்காரர் மெல்ல நகர்ந்து அவர் பக்கத்தில் வந்தார்.

"தம்பி, நீங்களே குடிக்கிறீங்க. அப்ப அளவோட போட்டா ஈரலுக்கு ஒன்னும் ஆகாதுல்ல?"

தம்பிக்கு அதற்குள் இரண்டாவது ஊற்றியிருந்தார்கள். அவர் எங்கள் வீட்டுக்காரரைப் பார்த்தார். கூடாது மாமா என்று சொல்லியிருக்க வேண்டும். படித்தவர், தெரிந்தவர். ஆனால் கண்ணெதிரே ஒரு மனிதர் ஆசையோடு முகத்தை நீட்டிக்கொண்டு நின்றால் அவரால் அந்த வார்த்தையைச் சொல்ல முடியாது.

"கொஞ்சம்னா…" என்றார். மிச்சத்தைச் சொல்லவில்லை.

மிச்சத்தை எங்கள் வீட்டுக்காரரே சொல்லிக்கொண்டார். அன்றைக்கு மட்டுமில்லை, அதற்குப் பிறகு எட்டு மாதமும். நான் அழுதால், "டொக்டரே கொஞ்சம்னா பரவால்லன்னுட்டாரு, ஒனக்கு என்னாடி தெரியும், ஆறாங் கிளாசு?" என்பார். நானும் மரவள்ளிக்குத் தலையாட்டியவள்தானே.

மறுபடியும் கண் மஞ்சளாகி, இந்த முறை வாயால் இரத்தமும் வந்தது. கீழே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே வாட்டில் காலையில் பெரிய டொக்டர் வருவார். வயதான சிங்களப் பெண்மணி, கூர்மையான மூக்கு, எல்லாரும் மேடம் என்பார்கள். அவருக்குப் பின்னால் வெள்ளைக் கோட்டு மாணவர்கள் கூட்டமாக வருவார்கள். மூன்றாம் நாள் வந்த கூட்டத்தில் எங்கள் டொக்டர் தம்பியும் இருந்தார்.

எங்களைப் பார்த்ததும் அவர் முகத்தில் இரத்தமே இல்லை. மேடம் எங்கள் கட்டிலருகே நின்று, தமிழ் தெரிந்த மாணவர் யார் என்று கேட்டார். மற்றவர்கள் அவரை முன்னால் தள்ளிவிட்டார்கள். மேடம் கேட்பதை எங்கள் வீட்டுக்காரரிடம் தமிழில் கேட்டு, பதிலைச் சிங்களத்தில் சொல்ல வேண்டும். எனக்கும் சிங்களம் விளங்கும், பஸாரில் பழகியது.

எத்தனை வருஷமாகக் குடிக்கிறார், என்ன குடிப்பார் என்று கேள்விகள் போயின. பிறகு மேடம் சீட்டைப் பார்த்துவிட்டு, "ஒரு வருஷத்துக்கு மேல நிறுத்தியிருக்கிறாரே, பிறகு ஏன் தொடங்கினார்? கேளுங்கள்" என்றார்.

தம்பி எங்கள் வீட்டுக்காரரின் நாடியைப் பிடித்தபடி நின்றார். தம்பியின் விரல்தான் நடுங்கியது. "மாமா… ஏன் மறுபடி ஆரம்பிச்சீங்கன்னு கேக்குறாங்க."

எங்கள் வீட்டுக்காரர் படுத்தபடியே அவரைப் பார்த்தார். பிறகு முகட்டைப் பார்த்துக்கொண்டு, "என் கொழுப்புதான், வேற யாரும் காரணமில்லன்னு சொல்லுங்க தம்பி" என்றார்.

அதைச் சொல்லிவிட்டிருந்தால் முடிந்திருக்கும். கூட்டம் அடுத்த கட்டிலுக்குப் போயிருக்கும். எனக்கும் உள்ளுக்குள் அதுதான் வேண்டியிருந்தது. அத்தனை வெள்ளைக் கோட்டுக்கு முன்னால் எங்கள் லயத்து மானம் போவதை நான் விரும்பவில்லை.

அவர் சிங்களத்தில் சொன்னார்: "இவர் ஒருவரை டொக்டர் என்று நம்பினார், மேடம். அந்த ஆள் இவர் முன்னாலேயே குடித்தார். கேட்டதற்குக் கூடாதென்றும் சொல்லவில்லை."

"எந்த முட்டாள் அவன்?"

பின்னால் மாணவர்கள் சிரித்தார்கள்.

"நான்தான், மேடம்."

சிரிப்பு நின்றது. ஒருவரும் ஒருவரையும் பார்க்கவில்லை. எல்லாருக்கும் தங்கள் சப்பாத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. மேடம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். தம்பியின் முகத்தைப் பார்க்கவில்லை, நாடி பிடித்திருந்த கையைத்தான் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "வாட்டு முடிந்ததும் என் அறைக்கு வாருங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தார்.

நான் தண்ணீர் பிடிக்க வெளியே போனபோது, தண்ணீர்க் குழாய்ப் பக்கத்துச் சுவரோரம் அவர் குந்தியிருந்தார். கோட்டு தரையில் புரண்டது. போகிறவர்கள் வருகிறவர்கள் பார்த்தார்கள்.

"எழும்புங்க தம்பி, டொக்டர்மாரு இப்பிடிக் குந்தக் கூடாது. எல்லாரும் பாக்குறாங்க."

"எனக்கும் நிப்பாட்ட முடியல அத்த."

என்ன சொல்கிறார் என்று எனக்கு உடனே பிடிபடவில்லை. அவரே சொன்னார், என்னைப் பார்க்காமல், தரையைப் பார்த்து.

"மொத வருசம் ரெகிங்ல சீனியர்மாரு கிளாஸ நீட்டுனாங்க. வாங்கிட்டேன். அப்புறம் பிரேதம் அறுக்கிற பாடம். அந்த நாத்தம் மூக்க விட்டுப் போகாது, ஒரு கிளாஸ் போட்டாப் போயிரும்னாங்க. போயிருச்சு. பரீட்ச பாஸ் பண்ணுனா பார்ட்டி, பெயிலானா அதுக்கும் பார்ட்டி. ஈரல் பாடம் முடிஞ்ச அன்னிக்கு கூடப் படிச்ச எங்க பெச்சே 'ஈரலுக்கு ஜே' போட்டுக் குடிச்சிருக்கோம் அத்த. எல்லாரும்தான் குடிக்கிறாங்க. அவங்க திங்கக்கெழம எழும்பி வாட்டுக்குப் போயிருவாங்க. எனக்கு எழும்புறதுக்கே ஒன்னு வேணும்."

"சடங்குக்கு வந்தப்ப…"

"அதுக்குத்தான் முன்னாடியே வந்தேன். அங்க இருந்தா முடியாது, நம்ம வீட்டுல இருந்தா விட்டுரலாம்னு வந்தேன். விட்டுட்டேன் அத்த! செத்துப் பொழச்சு விட்டுட்டேன். அன்னிக்குத் தாய்மாமா மொத கிளாஸ நீட்டுனாரு."

வேர்வை, நடுக்கம், கோப்பை கொட்டுவது. குடியை விடுகிற ஆள் எப்படி இருப்பார் என்று எனக்குத் தெரியாதா? எத்தனை தடவை எங்கள் வீட்டில் பார்த்தது. அதையே எங்கள் வீட்டுக்காரரிடம் பார்த்தால் எனக்குக் குடி. அவரிடம் பார்த்தால் குளிர். மண்சரிவுக்கும் குளவிக்கும் பயந்தவளுக்கு இதற்குப் பயப்படத் தோன்றவில்லை. டொக்டர் பிள்ளைக்கு அந்த வியாதி வருமென்று எங்கள் லயத்தில் எவருக்குத் தோன்றும்? பெரிய ஆளாக்கிவிட்டோம் என்று கை தட்டியவர்கள்தானே நாங்கள், கிளாஸையும் கையில் கொடுத்தவர்கள்.

"அம்மாகிட்ட சொல்லிராதீங்க" என்றார். "தாங்க மாட்டாங்க."

"சொல்ல மாட்டேன்" என்றேன்.

மேடத்தின் அறையில் என்ன பேசினார்கள் என்று தெரியாது. அவரைச் சிகிச்சைக்கு அனுப்பினார்கள். படிப்பை ஒரு வருஷம் நிறுத்தி வைத்தார்கள். அவருடைய பெச் அவரை விட்டுவிட்டு மேலே போனது. வீட்டில் நெஞ்சில் சளி என்று சொல்லிக்கொண்டார். லயத்தில் படிப்பு ஏறவில்லை, பெயிலாகிவிட்டார் என்று பேசினார்கள். மருந்துச் சீட்டுகள் அவர் வாசலுக்கு வருவது நின்றது. அவருடைய அம்மா மலையில் கொழுந்து எடுக்கும்போது என்னிடமிருந்து விலகி வேறு நிரைக்குப் போய்விடுவார். பக்கத்தில் நின்றால் நான் எதையாவது கேட்டுவிடுவேனென்று அவருக்குப் பயம், எதையாவது சொல்லிவிடுவேனோ என்று எனக்குப் பயம்.

எங்கள் வீட்டுக்காரர் பிழைத்து வந்தார், ஆளில் பாதியாக. அதன் பிறகு அவர் இருந்த காலமும் கொஞ்சம்தான். குழாயடியில் கேட்டதை அவரிடம் மட்டும் சொல்லியிருந்தேன்.  அடுத்த திருவிழா நெருங்கும்போது, டொக்டர் தம்பி வீட்டில்தான் இருக்கிறார், முதல் கிளாஸை இந்தத் தடவையும் அவருக்கே நீட்டுவார்கள், என்ன செய்வதென்று நான் புலம்பிக்கொண்டிருந்தேன்.

"எனக்கு ஊத்துனா செத்துருவேன்னு இந்தத் தோட்டத்துக்கே தெரியும்ல?" என்றார்.

"தெரியும்."

"அப்ப எம் பக்கத்துல உக்காந்திருக்கிறவனுக்கு எவன் ஊத்துவான்?"

திருவிழாவன்று காலையிலேயே சவரம் செய்து, வேட்டி கட்டி, கோயில் முன்னால் இரண்டு பிளாஸ்டிக் கதிரையைப் போட்டார். தம்பியைக் கூப்பிட்டுத் தன் பக்கத்தில் உட்காரவைத்தார். தம்பி தண்ணீர் குடிக்க எழும்பினால் இவரும் எழும்புவார். ஊதிய வயிற்றைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னாலேயே நடப்பதைப் பார்த்துப் பிள்ளைகள் சிரித்தார்கள். ஆண்கள் கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குப் பின்னால் கூடினார்கள். தாய்மாமன் கிளாஸை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

"வாங்க மருமகனே, படிப்பு போனா என்னா, நமக்கு நீங்கதான் டொக்டரு. மொத கிளாஸ்…"

தம்பியின் கைகள் மடியிலிருந்து கிளம்பின. நான் பார்த்தேன். எங்கள் வீட்டுக்காரர் அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, ஊருக்கே கேட்கிற மாதிரிச் சத்தம் போட்டார்.

"மச்சான், அத எம் மூஞ்சிக்கு முன்னால கொண்டாராத! வாசம் வந்தா நான் பறிச்சுக் குடிச்சுருவேன். குடிச்சா இங்கயே போயிருவேன். திருவிழாவுல எனக்குக் கொள்ளி வைக்கணுமா ஒனக்கு?"

மாமன் திடுக்கிட்டு கிளாஸைப் பின்னால் மறைத்துக்கொண்டார். "சனியன், நல்ல நாளும் அதுவுமா" என்று முனகிக்கொண்டே போனார். மடுவத்துப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது: "குடிகாரனுக்கு வெறி அடங்கல, அடுத்தவன் குடிக்கிறதப் பாக்க முடியல!" சிரித்தார்கள். எங்கள் வீட்டுக்காரரும் சேர்ந்து சிரித்தார். பிடித்த கையை விடவில்லை.

பொங்கலுக்கு அரிசி புடைத்துக்கொண்டு பெண்களோடு நான் இருந்தேன். தம்பியின் அம்மா எனக்கு நேரே இருந்தார். அவ்வளவு நாள் பேசாதவர், அத்தனை பேருக்கு முன்னால் பேசினார்.

"ஒம் புருசன் எம் புள்ளைய ஏன்டி இப்பிடிப் புடிச்சு வச்சிருக்கான்? மாமன்காரன் ஆசையா நீட்டுறத வாங்க விடாம. படிப்புதான் போச்சு, இருக்கிற மரியாதையும் போகணுமா? குடிகாரனுக்குக் காவல் இருக்கவா நான் பெத்தேன்?"

அவர் குரல் கதிரை வரைக்கும் கேட்டது. தம்பி எங்கள் பக்கம் திரும்பினார். வாயைத் திறந்துகொண்டு எழும்பப் பார்த்தார். நான் அவரைப் பார்த்து வேண்டாமென்று தலையசைத்தேன்.

"நீங்க சொல்றது சரிதான் அக்கா" என்றேன். "குடிகாரனக் கட்டிக்கிட்டு எனக்குந்தான் வெக்கம். எங்க வீட்டு ஆளால எல்லாருக்கும் தொந்தரவு. நீங்க மனசுல வச்சுக்காதீங்க."

  நான் சுளகைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு, குனிந்து, அரிசியில் கல் பார்க்கத் தொடங்கினேன்.